டிக்கெட்டில் அச்சாகாத கணக்கு

கொடுத்தால் கைதட்டுகிறோம், கூட்டினால் கொதிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதைத் தேடிச் சென்னைப் புறநகர் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவிலிருந்து ஒரு பயணம்.

காலை ஆறரை மணி. ஐயப்பன்தாங்கல் டிப்போ அருகே, மெட்ரோ ரயில் தூண்களின் நிழலில், பத்துப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போகிறவர், வடபழனியில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறவர், தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டப் போகிற இளம்பெண். டீலக்ஸ் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே உட்கார இடம் இருக்கிறது. யாரும் நகரவில்லை.

"அக்கா, ஒயிட் போர்டு போயிடுச்சா?"

"இன்னும் வரலம்மா. வர்ற நேரந்தான்."

ஆறு நிமிடத்தில் அது வருகிறது. முகப்பில் ரோஸ் வண்ணம் பூசிய, வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ். நின்றவர்கள் அத்தனை பேரும் ஏறிவிடுகிறார்கள். கண்டக்டர் ஆளுக்கொரு சீட்டு கிழித்துத் தருகிறார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. துணிக்கடைப் பெண் அந்தச் சீட்டை நான்காக மடித்து செல்போன் உறைக்குள் செருகிக்கொள்கிறாள்.

அந்தச் சீட்டில் எந்தத் தொகையும் இல்லை. ஆனால் பஸ் டீசலில்தான் ஓடுகிறது. ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு, டயர் தேய்கிறது. அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஏற்பார்கள்? மக்களாட்சிக்கும், மக்கள் கொண்டாடும் தலைவர்களுக்கும், பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி முழுவதும் அந்த மடித்த சீட்டுக்குள் இருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு 59 ரூபாய்

தமிழ்நாட்டில் பஸ் என்பது வெறும் வண்டி இல்லை. 1972ல் மு.கருணாநிதியின் அரசு தனியார் பஸ் தடங்களை நாட்டுடைமையாக்கும் வேலையைத் தீவிரமாக்கியபோது, சென்னைக்குப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அன்றிலிருந்து பஸ் கட்டணம் அரசியலின் நாடித்துடிப்பாகிவிட்டது. பால் விலை, அரிசி விலை, பஸ் கட்டணம் ஆகிய மூன்றையும் தொட்டால் ஆட்சி ஆடும் என்பது கோட்டையில் இருப்பவர்களுக்கு எழுதாத பாடம்.

அதனால் என்ன ஆனது? 2001 டிசம்பரில் ஏறிய கட்டணம் அடுத்து ஏறியது 2011 நவம்பரில். அதன் பிறகு 2018 ஜனவரியில். இடையில் டீசல் விலை ஏறியது, சம்பளம் ஏறியது, உதிரிபாக விலை ஏறியது. கட்டணம் மட்டும் உறைந்து நின்றது. அப்படி உறைந்திருந்த ஆண்டுகளில் வெள்ளை போர்டு பஸ்கள் அரிதாகி, கட்டணம் கூடிய எல்.எஸ்.எஸ், டீலக்ஸ் என்று போர்டின் நிறம் மாறிய பஸ்கள் பெருகியதைப் பூந்தமல்லி சாலைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கட்டணம் ஏறவில்லை என்று அரசு சொல்லும். அதே தூரத்துக்குப் பையிலிருந்து கூடுதலாகவே எடுத்துக் கொடுத்திருப்போம். சொல்லாமல் ஏற்றிய கட்டணம் அது.

2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றது அது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றும் சொன்னது. ஒரு வாரம் எல்லா டீக்கடையிலும் அதே பேச்சு. பிறகு அந்தக் கணக்கு மறந்துபோனது.

2003: சாட்டை எடுத்த காலம்

"கூட்டணி, வாக்கு, போராட்டம் என்று பார்த்தால் நாடு உருப்படாது. சீர்திருத்தம் செய்ய உறுதியான தலைமை வேண்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைத் தமிழ்நாடு சோதித்துப் பார்த்திருக்கிறது.

2001ல் ஆட்சிக்கு வந்த ஜெ.ஜெயலலிதா அரசின் கையில் காலிக் கஜானா. அந்த ஆகஸ்டில் நிதியமைச்சர் சி.பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். தொடர்ந்து கட்டணங்கள் ஏறின. விவசாயத்துக்கு இலவசமாகக் கிடைத்த மின்சாரத்துக்குக் கட்டணம் வந்தது. வருமானம் கூடியவர்களின் குடும்ப அட்டையில், ரேஷன் சலுகையை மறுக்கும் 'எச்' முத்திரை விழுந்தது. அரசு ஊழியர் சலுகைகளில் வெட்டு விழுந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது.

அந்த ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அரசு பேசவில்லை. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரை ஒரே மூச்சில் வேலையிலிருந்து நீக்கியது. நள்ளிரவில் வீடுகளின் கதவு தட்டப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலானோர் மீண்டும் பணியில் சேர வழி பிறந்தாலும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று அந்த ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது.

சட்டம் அரசின் பக்கம். சட்டமன்றத்தில் பெரும்பான்மை. மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறையும் உண்மையிலேயே இறங்கத் தொடங்கியது. கணக்கு வாத்தியார் பார்த்தால் தேர்ச்சி மதிப்பெண் போட்டிருப்பார்.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் புதுச்சேரியிலும் அ.தி.மு.க. அணிக்கு ஓர் இடம்கூட இல்லை. முடிவு வந்த சில நாட்களில், மே 18 அன்று, ஒரே அறிவிப்பில் பல நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. விவசாயிகளுக்கு மின்சாரம் மீண்டும் இலவசமானது. 'எச்' முத்திரை ஒழிந்தது. ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன.

இதைப் படித்துவிட்டு "மக்களுக்குப் பொறுப்பில்லை" என்று முடிவுகட்டுவது எளிது. நான் அப்படிப் படிக்கவில்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவரையும் முக்கால் ஏக்கர்காரரையும் ஒரே கோலால் அடித்தார்கள். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டவருக்குப் பதில் வரவில்லை. தண்டனை மட்டும் வந்தது. மக்கள் தங்கள் கையில் இருந்த ஒரே கருவியை எடுத்தார்கள்.

அதே தலைவர், வேறு வழி

2011 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானார். ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வந்தது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. நவம்பர் 17 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். பஸ் கட்டணம் ஏறுகிறது என்றார். ஆவின் பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஏறுகிறது என்றார். 17.75 ரூபாய்ப் பால் ஒரே இரவில் 24 ரூபாய் ஆனது. போக்குவரத்துக் கழகங்களும் ஆவினும் மின்வாரியமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விவரித்து, மக்களிடமே வந்து நிற்பதாகச் சொன்னார்.

கோபம் இருந்தது, போராட்டமும் நடந்தது. அறிவிப்பு உள்ளாட்சித் தேர்தல் முடிந்த அடுத்த மாதம்தான் வந்தது என்பதையும் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் கட்டணம் நின்றது. 2014 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி 37 இடங்களில் வென்றது. 2016ல் ஆட்சியையும் தக்கவைத்தது.

கட்டணத்தை ஏற்றியதற்காக மக்கள் வாக்களித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 2003க்கும் 2011க்கும் இடையே இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, கை ஒரு பக்கம் எடுத்தபோது மறுபக்கம் அரிசியைக் கொடுத்திருந்தது. ஏழை வீட்டின் மாதக் கணக்கு ஒரேயடியாகக் கவிழவில்லை. இரண்டாவது, முடிவைத் தலைவர் தன் வாயால் சொன்னார், தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். மக்கள் தலைவருக்கு இருக்கும் உண்மையான சொத்து அந்த நம்பிக்கை. அதைக் கசப்பான உண்மையைச் சொல்வதற்காகச் செலவழித்த அரிய தருணங்களில் அது ஒன்று.

மறுபுறம் 2018 ஜனவரியைப் பாருங்கள். ஊதிய ஒப்பந்தமும் ஓய்வு பெற்றோரின் நிலுவையும் கேட்டு பஸ் தொழிலாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்து முடித்திருந்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 20 முதல் கட்டணம் ஏறியது. சென்னை சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய். முதல்வர் எடப்பாடி கே.பழனிசாமி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கு பெற்றவர், ஆனால் தன் முகத்தை முன்வைத்துத் தேர்தலில் வென்று வந்தவர் அல்ல. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பத்து நாள் ஆவதற்குள் அரசு கட்டணத்தைச் சிறிது குறைத்தது. முன்னெச்சரிக்கை இல்லாமல் ஏற்றி, சத்தம் கேட்டதும் கொஞ்சம் இறக்கினால் மக்கள் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்று: கத்தினால் குறையும்.

கொடுப்பதிலும் கணக்கு உண்டு

2021 மே 7 அன்று பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் முதல் நாளே கையெழுத்திட்ட ஐந்து கோப்புகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். பயனாளிப் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மாதம் எட்டாயிரம் பத்தாயிரம் ஈட்டும் பெண்ணுக்கு 888 ரூபாய் என்றால் என்ன என்பதை வசதியானவர்கள் நின்று யோசிக்க வேண்டும். கேஸ் சிலிண்டரின் பெரும் பகுதி அது, பிள்ளையின் டியூஷன் பணம் அது. அதைவிடப் பெரிது, போரூரைத் தாண்டி வேலை தேடலாம் என்ற துணிச்சல். நடந்து போகும் தூரத்தில் கிடைத்த குறைந்த கூலிக்குக் கட்டுப்பட்டிருந்தவருக்குக் கோடம்பாக்கம் வரை வழி திறந்தது. இதை வெறும் இலவசம் என்று ஒதுக்குவது அறியாமை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. தொடக்கத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அது 3,600 கோடியாகிவிட்டது. பணம் போதாமல் போகும்போது யார் சுமக்கிறார்கள்? டிக்கெட் வாங்கும் ஆண் பயணி சுமக்கிறார். மழையில் ஒழுகும் பழைய பஸ்ஸை ஓட்டும் டிரைவர் சுமக்கிறார். முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்துவிட்டு, ஓய்வுக்கால நிலுவைக்காகச் சங்க அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் முதியவர் சுமக்கிறார். வெள்ளை போர்டுக்காக அரை மணி நேரம் காத்து நிற்கும் அந்தப் பெண்ணும் தன் நேரத்தால் சுமக்கிறார். வெளிப்படையாக வாங்காத கட்டணத்தைச் சத்தம் போட முடியாதவர்களிடமிருந்து வசூலித்துக்கொண்டே இருக்கிறோம்.

இதே சாலையில் மேற்கே போனால் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். 1990களின் இறுதியில் ஹூண்டாய், 2006ல் நோக்கியா என்று தொழிற்சாலைகள் வந்தன. ஆலை வேன்கள் விடியற்காலையில் இங்கே வரிசை கட்டுகின்றன. அந்த ஆலைகளை ஈர்க்க அரசு நிலம் கொடுத்தது, வரியைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பெயர் ஊக்கச் சலுகை. பெண்ணின் பஸ் டிக்கெட்டுக்குப் பெயர் மட்டும் இலவசம். நோக்கியா ஆலை 2014ல் மூடியது, ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊக்கச் சலுகையின் வரவு செலவை ரேஷன் அரிசியின் வரவு செலவைப்போல எந்த மேடையிலும் அலசவில்லை. கணக்குக் கேட்பதென்றால் இருவரிடமும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறையில் பெரும்பாலோர் 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தின் பிள்ளைகள். கஜானா தாங்காது என்று அன்று எச்சரித்தவர்கள் உண்டு. சோறு போட்ட பள்ளி, படித்த தொழிலாளியை உருவாக்கியது. அந்தத் தொழிலாளியை நம்பி முதலீடு வந்தது. நலத்திட்டமும் சீர்திருத்தமும் ஒன்றையொன்று விழுங்கும் என்பதற்குத் தமிழ்நாடே மறுப்பு.

கடலுக்கு அப்பால்

பக்கத்துத் தீவு இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய பாடம். 1953ல் இலங்கையில் டட்லி சேனநாயக்க அரசு ரேஷன் அரிசியின் விலையை ஒரு கொத்து அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று தீவே ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. பிரதமர் சில வாரங்களில் பதவி விலகினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், மக்களிடம் கசப்பைச் சொல்லவே அங்கே ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள்.

அஞ்சியதன் மறுகோடி 2019. பெரும் வெற்றியோடு வந்த கோட்டாபய ராஜபக்ச, மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. 2021ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை விதித்தார். கருத்துக் கேட்க யாருமில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெட்ரோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்கள்தான் அந்த வரிச்சலுகையின் உண்மை விலையைக் கொடுத்தவர்கள்.

பெருவில் 1990ல் அல்பர்ட்டோ ஃபுஜிமோரி, கடும் சிக்கன நடவடிக்கையை எதிர்ப்பதாகச் சொல்லி வாக்கு வாங்கினார். வென்ற சில வாரங்களில் அதையே செய்தார். 1992 ஏப்ரலில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். பணவீக்கம் அடங்கியது, ஜனநாயகமும் அடங்கியது.

நம் நாட்டின் 1991 வேறு மாதிரி. பெரும்பான்மை இல்லாத நரசிம்ம ராவ் அரசில் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் உயர்த்துவதாக அறிவித்தார். நாடாளுமன்றம் கொதித்தது. உயர்வு 30 சதவீதமானது, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. சீர்திருத்தம் வளைந்துகொடுத்தது, அதனாலேயே முறியாமல் நின்றது. எதிர்ப்பு சீர்திருத்தத்தின் எதிரி அல்ல. எங்கே வலிக்கிறது என்று காட்டும் கை அது.

தாங்கலின் பாடம்

'தாங்கல்' என்றால் சிற்றேரி. வயலுக்கு நீர் பாய்ச்சிய அந்தச் சொல் இந்த ஊரின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள். ஏரிக்கரை ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் எடுப்பவர் தூர் வாரவும் வர வேண்டும். யாருக்கு எத்தனை முறை நீர், யார் எத்தனை நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். எடுப்பதும் கொடுப்பதும் எல்லார் கண் முன்னே.

இதே காஞ்சி மண்ணில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்த விதிகள் இருக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் தந்த சபை அது, எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. ஆனால் அதில் ஒரு விதி இன்றும் சுடுகிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர். அவர் உறவினரும் தகுதியற்றவர்.

ஐயப்பன்தாங்கல் நெடுங்காலமாக ஊராட்சி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபையில் வரவு செலவை மக்கள் முன் வைத்தாக வேண்டும். தெருவிளக்குக்கு எவ்வளவு, குப்பை வண்டிக்கு எவ்வளவு என்று வாசித்தாக வேண்டும். சின்ன அரசுக்கு இருக்கும் இந்தக் கடமை, லட்சம் கோடியில் புழங்கும் பெரிய அரசுகளுக்கு மக்கள் முகத்துக்கு நேரே இல்லை. சட்டமன்றத்தில் தணிக்கை அறிக்கை வைக்கிறார்கள், உண்மைதான். அது பஸ் நிறுத்தம் வரை வருவதில்லை.

வரவழைக்க முடியும். ரயில் டிக்கெட்டில், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று ரயில்வே அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் சீட்டிலும் அப்படி ஒரு வரி வரட்டும்: இந்தப் பயணத்துக்கு ஆன செலவு இவ்வளவு, பயணி தந்தது இவ்வளவு, அரசு தருவது இவ்வளவு, அரசு தர வேண்டிய பாக்கி இவ்வளவு. ஏழையைக் கூனிக்குறுக வைக்க அந்த வரியைப் பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் கடைசி எண் முக்கியம். அது அரசை நோக்கிய கேள்வி.

ஒவ்வொரு டிப்போ வாசலிலும் ஒரு பலகை நிற்கட்டும். எத்தனை பஸ், எத்தனை ஓடுகிறது, எத்தனை வெள்ளை போர்டு, ஓய்வு பெற்றோருக்கு எவ்வளவு நிலுவை என்று மாதாமாதம் எழுதட்டும். கட்டணத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை இடியாக இறக்காமல், ஆண்டுதோறும் பயணிகளையும் தொழிலாளர்களையும் உட்கார வைத்துக் கணக்குப் பார்த்துச் சிறிது சிறிதாக மாற்றட்டும். தொழிற்சாலைக்குத் தந்த சலுகையும் அதே எழுத்தில், அதே அளவில் மக்கள் பார்வைக்கு வரட்டும்.

மக்கள் தலைவர் என்பவர் மக்களிடம் கைதட்டல் வாங்கத் தெரிந்தவர் மட்டும் அல்ல. மக்களிடம் கணக்கை விரித்து, "இதுதான் நிலை, என்ன செய்யலாம்?" என்று கேட்கும் தெம்பு உள்ளவர். அந்தத் தெம்பு வந்தால் சீர்திருத்தத்துக்குச் சாட்டை வேண்டாம், சலுகைக்கும் வெட்கம் வேண்டாம்.

மாலை ஏழரை. அதே டிப்போ நிறுத்தத்தில் வெள்ளை போர்டு வந்து நிற்கிறது. காலையில் பார்த்த துணிக்கடைப் பெண் இறங்குகிறாள். தலைக்கு மேலே, 63,246 கோடி ரூபாய் மதிப்பிட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் பாலம். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நீளும் அந்த வழியில் இந்த டிப்போவின் பெயரிலேயே ஒரு நிலையம். அந்த ரயிலில் ஏற அவளுக்கு எவ்வளவு ஆகும், யார் கடன் வாங்கினார்கள், யார் அடைப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நாள் முழுக்கக் கடையில் நின்று, புடவைக்குப் புடவை பில் எண்ணைச் சரிபார்த்து, பத்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் பதில் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். கணக்கு அவளுக்குப் புரியும். காட்டத்தான் ஆள் வேண்டும்.